கைவேலைக்கு ஏற்ற கண்ணாடி



புனே நகரத்தின் பழைய பகுதி கஸ்பா பேட்டை. அங்கே ஒரு சந்து இருக்கிறது. அதன் பெயர் தாம்பட் ஆளி. மராத்தியில் தாம்பட் என்றால் செம்பு வேலை செய்பவர். ஆளி என்றால் சந்து. பேஷ்வாக்கள் ஆண்ட காலத்திலிருந்தே செம்பு வேலைக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். சந்துக்குள் நுழையும் முன்பே சுத்தியல் சத்தம் கேட்கும். செம்புக் குடத்தின் மேல் சுத்தியலால் அடித்து அடித்து, சிறு சிறு குழிகளை வரிசையாகப் போடுவார்கள். இதற்கு மடார் வேலை என்று பெயர். குழிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஒரு அடி தவறினாலும் குடத்தின் அழகு போய்விடும்.

இப்படிக் கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள் புனேயில் பலர். நகை செய்பவர் இருக்கிறார். கடிகாரம் பழுது பார்ப்பவர் இருக்கிறார். கருகமணி கோக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேலைக்குப் பூ வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையார் சிலைக்குக் கண் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் தாய்மார்களைக் கணக்கிட முடியாது.

இவர்கள் எல்லோருக்கும் கைதான் முதல். ஆனால் கைக்கு வழி காட்டுவது கண். கண் மங்கினால் கை என்ன செய்யும்? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான். கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைக்கு எந்தக் கண்ணாடி ஏற்றது? அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நாற்பது வயதில் வருவது

ஒரு தையல்காரப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 43. இருபது வருடமாகத் தைக்கிறார். இப்போது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஊசியைத் தள்ளிப் பிடிக்கிறார். வாசலுக்குப் போய் வெயிலில் பார்க்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறார். "தம்பி, இந்த நூலைக் கொஞ்சம் கோத்துக் கொடு."

தெருக்கோடியில் வருபவரை இவருக்கு நன்றாகத் தெரிகிறது. பேருந்து எண் தெரிகிறது. கையில் உள்ள ஊசியின் காதுதான் தெரியவில்லை. இது ஏன்?

கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. அது கண்ணாடி போலத் தெளிவானது. ரப்பர் போல வளையக் கூடியது. தூரத்தில் பார்க்கும்போது அது தட்டையாகும். கிட்டத்தில் பார்க்கும்போது அது தடிக்கும். இளம் வயதில் இந்த வேலை கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது. வயது ஆக ஆக வில்லை இறுகுகிறது. சுமார் 40 வயதில் கிட்டப் பொருள் மங்கத் தொடங்குகிறது. 60 வயதுக்கு மேல் வில்லை வளைந்து கொடுப்பதே அநேகமாக நின்றுவிடுகிறது.

இது நோய் அல்ல. முடி நரைப்பது போன்றது. படித்தவருக்கும் வரும், படிக்காதவருக்கும் வரும். பணக்காரருக்கும் வரும், ஏழைக்கும் வரும்.

தமிழில் இதை வெள்ளெழுத்து என்பார்கள். சாளேசுரம் என்றும் சொல்வார்கள். மராத்தியில் சாளீஷி என்பார்கள். சாளீஸ் என்றால் நாற்பது. இதற்குப் போடும் கண்ணாடிக்கும் அங்கே சாளீஷி என்றே பெயர். பெயரிலேயே வயது இருக்கிறது.

பலர் இதை வெளியே சொல்வதில்லை. நுண்ணிய வேலையை விட்டுவிடுகிறார்கள். பூ வேலை செய்தவர் பொத்தான் தைக்கப் போகிறார். கல் பதித்தவர் மெருகு போடப் போகிறார். கூலி குறைகிறது. இருபது வருடம் கற்ற தொழில் கையை விட்டுப் போகிறது. உண்மையில் கை எதையும் மறக்கவில்லை. கண்ணுக்கு ஒரு துணை வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடி வந்த கதை

மூக்குக் கண்ணாடி முதலில் இத்தாலி நாட்டில் தோன்றியது. அது 13ஆம் நூற்றாண்டின் முடிவில் நடந்தது. அதைச் செய்ததும் கைவேலைக்காரர்கள்தான். கண்ணாடியைத் தேய்த்து, நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் ஆக்கினார்கள். அதன் வழியே பார்த்தால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

நம் நாட்டுக்குக் கண்ணாடி எப்போது வந்தது? இதைத் தேடிப் பார்த்தவர் புனேக்காரர் ஒருவர். அவர் பெயர் பரசுராம் கிருஷ்ண கோடே. புனேயில் பண்டார்கர் ஆராய்ச்சி நிலையம் 1917இல் தொடங்கப்பட்டது. அங்கே பழைய சுவடிகளைக் காத்து வந்தவர் கோடே. ஒரு பழைய வடமொழி நூலிலிருந்து அவர் ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். விஜயநகரத்தில் வியாசராயர் என்ற பெரியவர் இருந்தார். அவர் 1520ஆம் ஆண்டு வாக்கில் கண்ணாடி அணிந்து நூல் படித்தார் என்பதே அந்தச் செய்தி.

தமிழ்நாட்டிலும் கண்ணாடிக்குப் பேர் பெற்ற ஊர் உண்டு. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பூமியில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்தார்கள். கண்ணாடியும் ஒரு கைவேலைதான். ஒரு கைவேலைக்காரர் செய்தது இன்னொரு கைவேலைக்காரருக்குக் கண்ணாக இருந்தது.

கண்ணாடி போட்டால் வருமானம் கூடுமா?

இந்தக் கேள்வியைச் சிலர் சோதித்தே பார்த்தார்கள். இடம், அசாம் தேயிலைத் தோட்டம். தேயிலை பறிப்பதும் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலை. எந்தக் கொழுந்து பறிக்க வேண்டியது, எது விட வேண்டியது என்று கண்தான் சொல்ல வேண்டும்.

40 வயது ஆன 751 தொழிலாளர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்குமே கிட்டப்பார்வை மங்கியிருந்தது. ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சோதனை முடிந்த பிறகு கொடுத்தார்கள். சில வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள்.

கண்ணாடி போட்டவர்கள் முன்பு நாளுக்குச் சுமார் 25 கிலோ பறித்தார்கள். பிறகு சுமார் 35 கிலோ பறித்தார்கள். கண்ணாடி இல்லாதவர்கள் முன்பு 26 கிலோ பறித்தார்கள். பிறகு சுமார் 30½ கிலோ பறித்தார்கள். கொழுந்து நிறைய வரும் பருவம் என்பதால் இருவருக்குமே கூடியது. ஆனால் கண்ணாடி போட்டவர்களுக்கு அதிகம் கூடியது. 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். இந்த முடிவு 2018இல் வெளியானது.

வங்காள தேசத்திலும் இப்படி ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2024இல் வெளியானது. அதில் 824 பேர் பங்கு கொண்டார்கள். தையல், நெசவு, கைவேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் எட்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடியது.

கொடுத்தது விலை உயர்ந்த பொருள் அல்ல. சாதாரணக் கிட்டப்பார்வைக் கண்ணாடிதான். ஆனாலும் உலகில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளெழுத்துக்குத் தக்க கண்ணாடி இல்லாமல் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு இது.

முதலில் கண் பரிசோதனை

கடைவீதியில் கண்ணாடி தொங்குகிறது. போட்டுப் பார்க்கலாம். தெரிந்தால் வாங்கலாம். இது சுலபம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏன்?

கண் மங்குவதற்குக் காரணம் வெள்ளெழுத்து மட்டும் அல்ல. கண்புரை இருக்கலாம். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கலாம். சர்க்கரை நோய் கண்ணின் உள் திரையைக் கெடுத்திருக்கலாம். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலி தராது. அறிகுறி காட்டாது. ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது. கடைக் கண்ணாடி இதைக் கண்டுபிடிக்காது. மருத்துவர் கண்டுபிடிப்பார்.

இன்னொரு செய்தி. வயதான ஒருவர் பல வருடமாகக் கண்ணாடி போட்டுப் படித்தார். திடீரென்று கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். வீட்டார் மகிழ்கிறார்கள். "தாத்தாவுக்குப் புதுக் கண் வந்துவிட்டது" என்கிறார்கள். இது பல நேரம் கண்புரையின் தொடக்கம். புரை வரும்போது கண்ணின் வில்லை மாறுகிறது. அதனால் கொஞ்ச நாள் கிட்டத்தில் நன்றாகத் தெரியும். பிறகு எல்லாமே மங்கும். இப்படி நடந்தால் மகிழ்ந்துவிட்டு இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

கண் சிவந்து வலித்தால் உடனே போக வேண்டும். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் போக வேண்டும். கண்ணில் மின்னல் அடித்தது போல் தோன்றினால் போக வேண்டும். ஒரு கண் திடீரென்று மங்கினால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது.

புனேயில் அரசு மருத்துவமனையான சசூன் இருக்கிறது. ஹடப்சர் பக்கம் எச்.வி. தேசாய் கண் மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எல்லா மாவட்டத்திலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. கிராமங்களில் கண் முகாம் நடக்கும்போது அங்கேயும் காட்டலாம்.

நூலால் அளக்கலாம்

மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நூலை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் இடத்தில், வழக்கமாக உட்காரும் முறையில் உட்கார வேண்டும். வேலையைக் கையில் எடுக்க வேண்டும். கண் ஓரத்திலிருந்து வேலைப் பொருள் வரைக்கும் நூலைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னொருவர் பிடிக்கலாம். அந்த அளவில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இந்த நூலை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

இந்த நூல் எதற்கு? மருத்துவர் பொதுவாகப் படிப்பதற்கு என்று கண்ணாடி எழுதுவார். புத்தகத்தைச் சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்கிறோம். ஆனால் எல்லா வேலையும் அந்தத் தூரத்தில் நடப்பதில்லை. செம்புக் குடம் அடிப்பவர் கை எட்டும் தூரத்தில் அடிக்கிறார். கருகமணி கோப்பவர் மடிக்கு மேல் கிட்டப் பிடிக்கிறார். கல் பதிப்பவர் இன்னும் கிட்டக் குனிகிறார். ஒரே கண்ணாடி மூவருக்கும் ஆகாது.

கண்ணாடியின் பலத்தைப் பவர் என்கிறோம். கிட்டப் பார்க்கும் கண்ணாடிக்குக் கூட்டல் குறி போடுவார்கள். ஒவ்வொரு பவருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் உள்ள பொருள் மங்கும். எல்லையைக் கணக்கிடுவது சுலபம். 100ஐப் பவரால் வகுக்க வேண்டும். வருவது சென்டிமீட்டர்.

பவர் 1½ என்றால் எல்லை சுமார் 66 சென்டிமீட்டர்.
பவர் 2 என்றால் எல்லை 50 சென்டிமீட்டர்.
பவர் 2½ என்றால் எல்லை 40 சென்டிமீட்டர்.
பவர் 3 என்றால் எல்லை சுமார் 33 சென்டிமீட்டர்.
பவர் 4 என்றால் எல்லை 25 சென்டிமீட்டர்.

இது தூரப்பார்வை சரியாக உள்ளவர்களுக்கான கணக்கு. தூரப்பார்வைக்கும் கண்ணாடி வேண்டியவர்களுக்கு மருத்துவர் தனியாகக் கணக்குப் போடுவார்.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? குடம் அடிப்பவரின் நூல் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பவர் 2½ கண்ணாடி வாங்கினால் என்ன ஆகும்? 40 சென்டிமீட்டருக்கு அப்பால் மங்கும். குடம் தெரிய வேண்டுமானால் அவர் குனிய வேண்டும். நாள் முழுவதும் குனிந்தால் கழுத்து வலிக்கும், முதுகு வலிக்கும். சுத்தியலும் முகத்துக்குக் கிட்ட வரும். பவர் கூடக் கூட நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேலைத் தூரத்துக்கு ஏற்ற பவரே நல்லது.

45 வயதுக்காரரின் கண் இன்னும் கொஞ்சம் வளையும். அவருக்குக் குறைந்த பவர் போதும். 60 வயதுக்காரருக்கு முழுப் பவரும் கண்ணாடியே தர வேண்டும். அதனால் தான் வயதையும் தூரத்தையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் எழுதுகிறார்.

எத்தனை வகை உண்டு?

முதல் வகை, ரெடிமேட் கண்ணாடி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி உள்ளவருக்கு இது போதும். ஒரு கண்ணுக்கு ஒரு பவர், மறு கண்ணுக்கு வேறு பவர் என்றால் இது ஆகாது. கண்களுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடியின் நடுப்பகுதி கருவிழிக்கு நேராக அமையாவிட்டால் தலை வலிக்கும். சில நேரம் ஒன்று இரண்டாகத் தெரியும்.

இரண்டாம் வகை, அளவெடுத்துச் செய்த கண்ணாடி. மருத்துவர் எழுதிய சீட்டின்படி கடையில் செய்து தருவார்கள். விலை கொஞ்சம் கூடும். நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு இதுதான் சுகம்.

மூன்றாம் வகை, அரைக் கண்ணாடி. இது மூக்கின் கீழ்ப்பக்கம் உட்காரும். வேலையைப் பார்க்கும்போது கண்ணாடி வழியே பார்க்கலாம். கடைக்கு வருபவரைப் பார்க்கும்போது கண்ணாடிக்கு மேலே பார்க்கலாம். அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

நான்காம் வகை, தலையில் மாட்டும் உருப்பெருக்கி. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். முன்னால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துப் பெரிய வில்லை இருக்கும். வேண்டும்போது கீழே இறக்கலாம். வேண்டாதபோது மேலே தூக்கலாம். சொந்தக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டலாம். பூ வேலைக்கும் கல் பதிக்கவும் இது நல்லது.

இதிலும் பல அளவு உண்டு. 1¾ மடங்கு பெரிதாக்குவதற்குச் சுமார் 35 சென்டிமீட்டர் தூரம் வேண்டும். 2½ மடங்குக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். 3½ மடங்குக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். மடங்கு கூடினால் தூரம் குறையும். தெரியும் இடமும் சுருங்கும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே மங்கும். 10 சென்டிமீட்டரில் ஊசியை இழுத்தால் கை எங்கே போகும்? ஆகவே வேலை தெரியும் அளவுக்குப் பெரிதானால் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் வகை, ஒற்றைக் கண் குழல். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வார். நகை வியாபாரி கையில் பிடித்துக் கல்லைப் பார்ப்பார். 10 மடங்கு பெரிதாக்கும் வில்லைக்குத் தூரம் இரண்டரை சென்டிமீட்டர்தான். குறை இருக்கிறதா என்று பார்க்க இது உதவும். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ஆழம் சரியாகத் தெரியாது. அதனால் இதை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் வேலை செய்வது கடினம்.

ஆறாம் வகை, விளக்கோடு கூடிய உருப்பெருக்கி. மேசையில் நிற்கும். தலையில் பாரம் இல்லை. இரண்டு கையும் வேலை செய்யலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து தைப்பவருக்கு இது ஏற்றது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது வேலைப் பொருளைக் கையில் கொண்டு போக வேண்டும். தைப்பவர் ஊசியும் நூலும் கொண்டு போகட்டும். மணி கோப்பவர் நாலு மணி கொண்டு போகட்டும். கடைக்காரர் ஒரு அட்டையைக் காட்டுவார்.

"எழுத்து தெரியுதா அம்மா?"

"தெரியுது தம்பி. ஆனா எனக்கு எழுத்து வேலை இல்லை. ஊசி வேலை. கொஞ்சம் இருங்க, ஊசியில நூல் கோத்துப் பார்க்கிறேன்."

இப்படிக் கேட்பதில் வெட்கம் இல்லை. பணம் கொடுப்பவர் சோதித்து வாங்க வேண்டும். கால் மணி நேரமாவது போட்டுப் பார்க்க வேண்டும். தலை சுற்றுகிறதா? கண் இழுக்கிறதா? நேர்க்கோடு வளைந்து தெரிகிறதா? அப்படியானால் வேறு பார்க்க வேண்டும்.

பாரம் முக்கியம். பிளாஸ்டிக் வில்லை கண்ணாடி வில்லையை விட எடை குறைவு. சுமார் பாதி எடைதான் இருக்கும். காலையில் பாரம் தெரியாது. சாயங்காலம் மூக்கில் தழும்பு சொல்லும்.

மூக்கில் உட்காரும் இடம் இரண்டு பக்கமும் சமமாகப் படிய வேண்டும். காது மேல் அழுத்தக் கூடாது. குனிந்தால் வழுக்கி விழக் கூடாது. கொஞ்சம் இறுக்கவும் தளர்த்தவும் கடைக்காரருக்குத் தெரியும். கேட்டால் சரி செய்து கொடுப்பார். வேர்வையில் வழுக்கினால் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். தேடும் வேலையும் மிச்சம்.

தலைப்பட்டை வாங்குபவர் பட்டை நெற்றியில் எங்கே அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே மெத்தென்ற துணி இருக்க வேண்டும். முன்பக்கம் அதிகப் பாரமாக இருந்தால் கழுத்து வலிக்கும்.

சுத்தியல், அரம், பட்டறைக் கல் வைத்து வேலை செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பெரிதாக்கும் கண்ணாடி வேறு. கண்ணைக் காக்கும் கண்ணாடி வேறு. உலோகத் துணுக்கு தெறித்தால் சாதாரண வில்லை உடையலாம். உடைந்த சில்லு கண்ணில் போகலாம். இவர்கள் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் வில்லை கேட்க வேண்டும். பக்கவாட்டில் மறைப்பு உள்ள காப்புக் கண்ணாடியை மேலே போட வேண்டும். ஒரு கண் போனால் அதற்கு விலை இல்லை.

வெளிச்சமும் ஓய்வும்

நல்ல கண்ணாடி இருந்தும் தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வயது கூடும்போது கண்மணி சிறுக்கிறது. கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. மகளுக்குப் போதும் விளக்கு தாய்க்குப் போதாது.

வலது கையால் வேலை செய்பவர் விளக்கை இடது பக்கம் வைக்க வேண்டும். இடது கைக்காரர் வலது பக்கம் வைக்க வேண்டும். அப்போது கையின் நிழல் வேலை மேல் விழாது. விளக்கு வேலையைப் பார்க்கட்டும், கண்ணைப் பார்க்க வேண்டாம். கருப்புத் துணியில் தைப்பவர் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் ஊசி நன்றாகத் தெரியும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலை நிமிர வேண்டும். சுமார் 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்க வேண்டும். வாசலில் உள்ள மரத்தைப் பார்க்கலாம். கண்ணை நன்றாக மூடித் திறக்க வேண்டும். உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. அதனால்தான் கண் எரிகிறது.

வேலை முடிந்ததும் கண்ணாடியை உறையில் வைக்க வேண்டும். முந்தானையால் துடைக்கக் கூடாது. துணியில் உள்ள தூசி வில்லையைக் கீறும். தண்ணீரில் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். உருப்பெருக்கியை வெயிலில் வைக்கவே கூடாது. அது வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். பஞ்சும் துணியும் தீப்பிடிக்கும்.

கிட்டப்பார்வைக் கண்ணாடியோடு படி இறங்கக் கூடாது. சாலையைக் கடக்கக் கூடாது. தூரம் மங்கலாகத் தெரியும், கால் தவறும்.

மக்கள் கேட்கும் கேள்விகள்

கண்ணாடி போட்டால் கண் மேலும் கெடுமா?
கெடாது. பவர் சில வருடத்துக்கு ஒரு முறை கூடும். அது வயதால் கூடுகிறது. கண்ணாடி போடாதவருக்கும் கூடும்.

வீட்டுக்காரர் கண்ணாடியை மனைவி போடலாமா?
ஒரு நாள் அவசரத்துக்குப் போட்டால் கண் போய்விடாது. ஆனால் பவர் வேறாக இருக்கும். தலைவலி வரும். அவரவருக்கு அவரவர் கண்ணாடி.

எத்தனை வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும்?
40 வயதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர் வருடம் தவறாமல் காட்ட வேண்டும்.

கண்ணாடி போட்டால் ஊர் என்ன சொல்லும்?
இந்தக் கேள்வியைப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"கண்ணாடி போட்டா ஊரே என்னைக் கிழவின்னு சொல்லும்."

"சொல்லட்டும் அத்தை. ஊரா உங்க கூலியைக் கொடுக்குது? நீங்க தைச்ச பூவைப் பார்த்துத்தானே கொடுக்கிறாங்க. விரலெல்லாம் ஊசி குத்தி இருக்கு. அதை யாரும் பார்க்கலையே."

மருமகள் சொன்னது சரிதான். கணவருக்குக் கண்ணாடி வாங்கும் வீட்டில் மனைவிக்கும் வாங்க வேண்டும். தைத்துக் கொடுக்கும் தாயின் கண்ணும் அந்த வீட்டின் சொத்து.

நினைவில் வையுங்கள்

40 வயதில் கிட்டப்பார்வை மங்குவது இயற்கை.
முதலில் பரிசோதனை. பிறகு கண்ணாடி.
வேலைத் தூரத்தை நூலால் அளக்க வேண்டும்.
அதிகப் பவர் நல்ல பவர் அல்ல.
வேலைப் பொருளோடு கடைக்குப் போக வேண்டும்.
பாரம் இல்லாத கண்ணாடியே நாள் முழுவதும் கூட வரும்.
தெறிக்கும் வேலைக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும்.

பயிற்சி

1. வீட்டில் 40 வயது ஆன ஒருவரின் வேலைத் தூரத்தை நூலால் அளந்து எழுதுங்கள்.
2. பவர் 2½ கண்ணாடியின் எல்லை எத்தனை சென்டிமீட்டர்?
3. ஒருவரின் வேலைத் தூரம் 50 சென்டிமீட்டர். அவருக்குப் பவர் 3 கண்ணாடி ஏற்றதா? ஏன்?
4. உங்கள் தெருவில் கண் மங்கியதால் தொழிலை விட்டவர் யாராவது உண்டா? இந்தப் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.